அஞ்சலாட்சி வீட்டு மாடி

ஜன்னலை மூடாதீங்க தம்பி, திறந்தே இருக்கட்டும். கண்டமங்கலம் கேட்டைத் தாண்டிட்டா காத்துல உப்பு வாடை வரும். புதுச்சேரிக்குத்தானே? மொத தடவையா? பையை மடியில வெச்சுக் கட்டிப் பிடிச்சிருக்கறதைப் பாத்தாலே தெரியுது. கீழ வைங்க, ஒண்ணும் ஆவாது.

சனி ஞாயிறுல வராம இப்படி வார நடுவுல கிளம்பினீங்க பாருங்க, அதுவே பாதிக் காசு மிச்சம். சனிக்கிழமை ஆனா மெட்ராஸ்காரனும் பெங்களூர்க்காரனும் காரைப் போட்டுக்கிட்டு வந்திடுவான். லாட்ஜுக்காரன் வாய்க்கு வந்த வாடகை சொல்லுவான். கடலோரமா மஞ்சச் சுவரும் காகிதப்பூவுமா தெருவுங்க இருக்கும். அங்க போட்டோ எடுத்துக்கங்க, தங்காதீங்க. பெரிய வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திட்டா அதே கட்டில், அதே ஃபேன், வாடகை பாதி. வாடகை வண்டி எடுத்தீங்கன்னா, சாவி வாங்கறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி ஒரு வீடியோ எடுத்து வெச்சுக்கங்க. இல்லன்னா ஊர்ல இருக்கற கீறலையெல்லாம் உங்க தலையில கட்டிடுவான். பாறை கொட்டியிருக்கற இடத்துல கடல்ல இறங்காதீங்க. வெளியூர்ப் பசங்க அங்கதான் போய் மாட்டிக்கிறாங்க. சாயங்காலம் பீச் ரோட்டுல வண்டி விடமாட்டாங்க. சும்மா நடங்க. காத்துக்கு யாரு காசு கேக்கப் போறா.

இவ்வளவு தெரியுதேன்னு பாக்கறீங்களா? அந்த பஸ் ஸ்டாண்டுலதான் தம்பி ஆட்டோ ஓட்டினேன், என் வாலிபம் பூரா. பச்சையப்பன்னா எல்லாருக்கும் தெரியும். அது மட்டும் இல்ல, எங்க வீட்டு மாடியிலயே ரூம் விட்டோம். என் பொண்டாட்டி விட்டா. அஞ்சலாட்சின்னு பேரு. குருசுக்குப்பத்துக்காரி. மீன் கூடை தூக்கிக்கிட்டிருந்தவ, அவங்கப்பா செத்ததும் அந்த வீடு இவளுக்கு வந்திச்சு. மேல மூணு ரூம் எழுப்பினா. பெருசா ஒண்ணும் இல்ல. சுண்ணாம்பு அடிச்ச சுவரு, கொசுவலை, சுத்தமான பாத்ரூம். ஜன்னலைத் திறந்தா கட்டுமரமும் கடலும். லாட்ஜுல பாதி வாடகைதான் வாங்குவா, மத்தியானம் மீன் குழம்பு ஊத்திச் சோறு போடுவா. ஆனா குடிச்சிட்டு வந்தா பையைத் தூக்கித் தெருவுல வெச்சிடுவா. ஆளு யாரா இருந்தாலும் சரி. என் கூட்டாளி ஒருத்தன் பையையே அப்படித் தூக்கி வெச்சிருக்கா. அவ சுபாவம் அது. வளைஞ்சு கொடுக்கத் தெரியாது.

ஒருத்தர் வந்து தங்கினா ஊருக்குப் போய் நாலு பேருகிட்ட சொல்லுவாரு. காலேஜுப் பொண்ணுங்க, புதுசாக் கல்யாணம் ஆனதுங்க, பென்ஷன் வாங்கற கிழவனுங்கன்னு வந்துக்கிட்டே இருந்தாங்க. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அஞ்சலாட்சி வீடு எங்கன்னுதான் கேப்பாங்க. அங்கதான் தம்பி வம்பு ஆரம்பிச்சிச்சு.

பஸ் ஸ்டாண்டு அப்போ மணவாளன்னு ஒருத்தன் கையில இருந்திச்சு. போலீஸு கையில இருந்திச்சுன்னு நீங்க நினைக்கலாம். இல்ல. பையோட இறங்கற ஒவ்வொரு ஆளும் மணவாளன் பசங்க வழியாத்தான் ரூமுக்குப் போவணும். எந்த லாட்ஜுன்னு அவன் சொல்லுவான், வாடகை எவ்வளவுன்னு அவன் சொல்லுவான். ஆட்டோக்காரங்க நாங்க அதுக்குத் தகுந்த மாதிரி ஓட்டுவோம். எதுத்துக்கிட்டு ஒரு பழக்கடைக்காரன் ரூம் புரோக்கர் வேலை பார்த்தான். அவனைப் பட்டப்பகல்ல டிக்கெட் கவுண்டருக்கு முன்னாடி மண்டியிட வெச்சு, தேங்கா உடைக்கற மாதிரி அவன் நெத்தியைக் கல்லுல மோதினான் மணவாளன். ஜனம் பாத்துக்கிட்டு நிக்குது. அவன் எழுந்து பஸ் ஏறிப் போனவன், அப்புறம் அந்த ஊர்ப் பக்கமே வரல.

ஆனா எங்கிட்ட அவன் அப்படி இல்ல தம்பி. பேர் சொல்லிக் கூப்பிடுவான். தோள்ல கை போடுவான். சாயங்காலம் ஆனா, வா பச்சைன்னு பக்கத்துல உக்கார வெச்சு சரக்கு வாங்கித் தருவான். அவ்வளவு பெரிய ஆளு நம்மள மதிக்கும்போது நாமளும் மரியாதையா நடந்துக்கணும் இல்லையா? உன் பொண்டாட்டி வீட்டுக்கு வர்றவங்களும் என் மூலமாத்தான் வரணும்னு சொன்னான். ஆகட்டும்ணேன்னு சொல்லிட்டேன். வீட்டுல போய் அவகிட்ட சொல்லல. சொன்னா கத்துவா. நாள் பாத்துச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்த நாள் வரவே இல்ல.

அவனுக்கு நான் வாக்குக் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது அவனுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கிடந்து எவ்வளவு பட்டேன்னு யாருக்கும் தெரியாது.

யார் தங்கியிருக்காங்கன்னு கேப்பான். சொல்லுவேன். எந்த ஊரு, எத்தனை பேரு, எப்ப வெளிய போறாங்கன்னு கேப்பான். கேட்டான், சொன்னேன். பக்கத்துல உக்காந்து ஒருத்தன் கேக்கும்போது வாயை மூடிக்கிட்டா இருக்க முடியும்?

மொதல்ல, தங்கியிருந்தவங்க வண்டி டயரையெல்லாம் எவனோ கிழிச்சிட்டான். அஞ்சலாட்சி பஞ்சர்க்காரனைக் கூப்பிட்டுப் புது டயர் போட்டுக் கொடுத்தா. அப்புறம் மாடித் தண்ணித் தொட்டியில செத்த நாய் மிதந்திச்சு. வயிறு ஊதி, கண்ணு பிதுங்கி. குளிச்சிக்கிட்டிருந்த பொண்ணு மேல அந்தத் தண்ணி விழுந்து அது வாந்தி எடுத்துக்கிட்டே வெளிய ஓடி வந்திச்சு. அஞ்சலாட்சி முந்தானையை வாயில கட்டிக்கிட்டு தொட்டியில இறங்கினா. நாயை ரெண்டு கையால தூக்கி வெளிய போட்டா. கழுத்துல கம்பி இறுக்கியிருந்திச்சு. நான் கீழ நின்னு ஏணியைப் பிடிச்சிக்கிட்டிருந்தேன். யாரு செஞ்சிருப்பாங்கன்னு கேட்டா. எனக்கு எப்படித் தெரியும்னேன். நான் பாக்கலையே தம்பி. பாக்காததைத் தெரியும்னு சொல்ல முடியுமா?

அப்புறம் ஒரு நாள் காலையில மணவாளனே வந்தான். படிக்கட்டுல உக்காந்தான். மரியாதையாத்தான் பேச ஆரம்பிச்சான். உன் புருஷன் ஒத்துக்கிட்டு மாசக்கணக்காச்சு, இன்னும் ஏன் நேரா ஆள் எடுக்கறேன்னான். அஞ்சலாட்சி மீன் கழுவின கையோட நின்னா. என் வீட்டுக்கு யாரு வரணும்னு நான்தான் சொல்லணும், எந்திரிச்சுப் போன்னா. அவன் எந்திரிச்சான். அடிச்சான். கன்னத்துலதான். ஆனா அவன் கை பெரிசு. அவ தலை போய்ச் சுவத்துல மோதிச்சு, காதுல இருந்த தோடு கிழிச்சிக்கிட்டுத் தெறிச்சிச்சு. காது மடல் ரெண்டாப் பிளந்து கழுத்தெல்லாம் ரத்தம்.

அடிச்சவனைத்தானே தம்பி பாக்கணும்? அவ என்னைப் பார்த்தா. அவன் படியிறங்கிப் போற வரைக்கும் என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. நான் குனிஞ்சு தோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கல. அதுக்கப்புறம் எங்கிட்ட அவ பேச்சைக் குறைச்சிட்டா. அடிச்சது அவன், கோவம் என் மேல. பொம்பளைங்க கணக்கே தனி.

நான் மணவாளன்கிட்டப் போறதை நிறுத்தல. நிறுத்தினா பகைன்னு ஆயிடும்ல. வீட்டு நல்லதுக்குத்தான் போனேன்.

பொங்கல் லீவு வந்திச்சு. தர்மபுரிப் பக்கத்துலேர்ந்து ஒரு வாத்தியார் வந்தாரு. மாதையன்னு பேரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, சத்தமாப் பேசத் தெரியாத மனுஷன். கூட அவரு சம்சாரம் கோகிலா, ஒரு பொண் குழந்தை. கடலையே பாத்ததில்லையாம் அந்தக் குழந்தை, அதுக்காக வந்தாங்க. பஸ் ஸ்டாண்டுல மணவாளன் பசங்க பையைப் பிடுங்கியிருக்கானுங்க. வாத்தியாரு, நாங்க அஞ்சலாட்சியம்மா வீட்டுக்குப் போறோம், பையைக் கொடுங்கன்னு நின்ன இடத்துலயே நின்னு கேட்டிருக்காரு. ஜனம் கூடினதும் வேற வழியில்லாமக் கொடுத்துட்டானுங்க. அது மணவாளனுக்கு அவமானமாப் போச்சு. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கண்ணாடிக்காரன் எப்ப ரூம்ல இருப்பான்னு கேட்டான். மத்தியானம் சாப்பிட வருவாருன்னு சொன்னேன். அவரு வர்றது உண்மைதானே. கேட்டான், சொன்னேன்.

மத்தியானம் நானும் சாப்பிடத்தான் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தேன். தெருமுனையில திரும்பறேன், ரெண்டு பைக்கு எங்க வீட்டு முன்னாடி நிக்குது. மணவாளனும் அவன் ஆளுங்களும் படியேறிப் போறானுங்க. கையில இரும்புக் குழாய். உடனே முடிவு பண்ணினேன். ஒத்தையாளு உள்ள போய் என்ன பண்ண முடியும்? ஆட்டோவைத் திருப்பினேன், போலீஸைக் கூட்டிட்டு வரலாம்னு. முத்தியால்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ள போனா மொதல்ல நம்ம பேரைத்தான் கேப்பாங்கன்னு ஒரு யோசனை. டீ ஒண்ணு குடிச்சா நிதானம் வரும்னு எதுத்த கடையில ஒதுங்கினேன். குடிச்சேன். திரும்பிட்டேன். அவ்வளவுதான் நேரம்.

அதனால நடுவுல நடந்ததை நான் கண்ணால பாக்கல. கோர்ட்டுல வாத்தியாரும் அவரு சம்சாரமும் சொன்னாங்க, அதைக் கேட்டுத்தான் சொல்றேன்.

வாத்தியாரு இலை முன்னாடி உக்காந்து குழந்தைக்கு முள்ளு எடுத்து ஊட்டிக்கிட்டிருந்தாராம். மணவாளன் உள்ள வந்து அவரு தலைமுடியைப் பிடிச்சு இழுத்தான். இலை மேலயே இழுத்துக்கிட்டு வராண்டாவுக்கு வந்தான். கண்ணாடி கீழ விழுந்திச்சு, அதை மிதிச்சான். நான் என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டிருக்காரு வாத்தியாரு. பதில் சொல்லாம ஒருத்தன் முட்டியில குழாயை இறக்கினான். எலும்பு உடையற சத்தம் குழந்தைக்குக் கேட்டிச்சாம். அது கட்டிலுக்கு அடியில போய் காதைப் பொத்திக்கிச்சு. கோகிலா வந்து புருஷன் மேல கவுந்து படுத்தாங்க. அவங்க முதுகுல ரெண்டு அடி விழுந்திச்சு. தூக்கி ஓரமாப் போட்டுட்டு மறுபடியும் அந்த முட்டியிலயே அடிச்சானுங்க. அதே முட்டியில. அவரு கத்தக்கூட முடியாம வாயைத் திறந்து திறந்து மூடினாராம்.

அஞ்சலாட்சி பின்கட்டுல வஞ்சிரம் வெட்டிக்கிட்டிருந்தா. சத்தம் கேட்டு கையில இருந்த கத்தியோட மாடியேறி வந்தா. எங்க பக்கத்து மீன் கத்தியைப் பாத்திருக்கீங்களா? அகலமா, கனமா இருக்கும். பெரிய மீனோட தலை ஒரே போடுல விழும். மணவாளன் குழாயை ஓங்கியிருந்தான். ஓங்கின கையில வெட்டினா. மணிக்கட்டுக்கு மேல. கை தொங்கிச்சு, குழாய் விழுந்திச்சு. அவன் திரும்பினான். தோள்ல ஒரு வெட்டு. அவன் ஆளு ஒருத்தன் பின்னாடியிருந்து அவ கழுத்தைப் பிடிச்சான். கத்தியைத் திருப்பி அவன் தொடையில இறக்கினா. மிச்சமிருந்தவன் மாடியிலேருந்து குதிச்சு ஓடினான். தொடையில வாங்கினவன் படிக்கட்டுல உருண்டு, எழுந்து, நொண்டிக்கிட்டே ஓடினான்.

மணவாளன் வராண்டாவுல மல்லாந்து கிடந்தான். என்னைக் கொன்னுடாதேன்னு அழுதானாம். மணவாளன் அழுதான்னு கோர்ட்டுல சொன்னப்ப எனக்கே மனசு கேக்கல. பஸ் ஸ்டாண்டே நடுங்கின ஆளு.

அவ கொல்லல. கத்தியைத் தூக்கி மூலையில போட்டா. முந்தானையைக் கிழிச்சு அவன் மேல்கையில இறுக்கிக் கட்டினா, ரத்தம் நிக்கற மாதிரி. பக்கத்து வீட்டு ஜனங்க எல்லாம் ஓடி வந்து, சாவட்டும் விடுன்னு சொன்னாங்களாம். அதுக்கு அவ சொன்ன வார்த்தை கோர்ட்டுலகூட எழுதிக்கிட்டாங்க. “செத்தா இவனுக்குச் சிலை வெப்பானுங்க. உயிரோட இருக்கட்டும். ஒத்தைக் கையோட பஸ் ஸ்டாண்டுல நடக்கட்டும்.”

அந்த நேரத்துக்குத்தான் நான் வந்து சேர்ந்தேன். மாடியேறினா காலெல்லாம் வழுக்குது, அவ்வளவு ரத்தம். சோத்துல ரத்தம், குழம்புல ரத்தம். ஒரு பக்கம் வாத்தியாரு கால் கோணிக்கிட்டுக் கிடக்காரு. ஒரு பக்கம் மணவாளன் கிடக்கான். என்னைப் பாத்ததும் மணவாளன், பச்சை, என்னைத் தூக்குடான்னான். தூக்கினேன். ஆட்டோவுல போட்டேன். அஞ்சலாட்சி படிக்கட்டுல குறுக்க நின்னு, வாத்தியாரையும் ஏத்துன்னா. மணவாளன் சீட்டு முழுக்கப் படுத்திருக்கான், எப்படி ஏத்தறது? யாருக்கு ரத்தம் அதிகமாப் போவுதோ அவனைத்தானே தம்பி மொதல்ல கொண்டு போவணும்? டாக்டருங்களே அப்படித்தான் பண்ணுவாங்க. நான் கிளம்பிட்டேன். வாத்தியாரை அப்புறம் மீன் ஏத்தற வண்டியில, ஐஸ் பொட்டிக்கு நடுவுல படுக்க வெச்சு, அவளே மடியில காலைப் பிடிச்சுக்கிட்டுக் கொண்டு போனாளாம். ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சே அவளைக் கைது பண்ணினாங்க.

மணவாளன் கையை ஒட்ட வெக்க முடியல. எடுத்துட்டாங்க. வாத்தியாரோட காலும் நேராவல. இன்னிக்கும் கம்பு ஊணித்தான் நடக்கறாரு.

கேஸு நடந்திச்சு. என்னை விசாரிச்சாங்க. நான் என்ன பொய்யா சொல்ல முடியும்? வந்தப்ப என்ன பாத்தேனோ அதைச் சொன்னேன். மணவாளன் வெட்டுப்பட்டுக் கிடந்தான், என் சம்சாரம் கையெல்லாம் ரத்தமா நின்னான்னு சொன்னேன். குழாயைப் பாத்தியான்னு அவ பக்கத்து வக்கீல் கேட்டாரு. வந்தப்ப குழாயைக் கவனிக்கலையே. கவனிக்கலன்னேன். மணவாளன் ஏறிப் போனதைப் பாத்தியான்னாரு. பாத்தேன்னா, ஏன் உள்ள போவலன்னு அடுத்த கேள்வி வரும். ஞாபகமில்லன்னேன். அவ கூண்டுக்குள்ள நின்னுக்கிட்டு அன்னைக்கும் என்னையேதான் பார்த்தா. பிளந்த காது பிளந்தபடியே இருந்திச்சு. தைக்கவே இல்ல அவ.

அவளைக் காப்பாத்தினது அந்த வாத்தியாருதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தர்மபுரியிலேருந்து பஸ் மாறி மாறிக் கம்பு ஊணிக்கிட்டு வந்தாரு. சத்தமாப் பேசத் தெரியாதுன்னு சொன்னேன்ல, கோர்ட்டுல கணீர்னு பேசினாரு. என் குழந்தைக்கு இன்னிக்கு அப்பன் இருக்கான்னா அது இந்தம்மாவாலதான்னாரு. வீட்டுல இருந்தவங்க உயிரைக் காப்பாத்தத்தான் அவ வெட்டினான்னு ஜட்ஜு அவளை விட்டுட்டாரு. மணவாளனை உள்ள தள்ளினாங்க. அவன் வெளிய வந்தப்ப பஸ் ஸ்டாண்டுல அவனுக்கு யாரும் எந்திரிச்சுக்கூட நிக்கல. ஒத்தைக் கையால தட்டு ஏந்தாத குறை. இப்ப கடலூர்ல அக்கா வீட்டுல கிடக்கான்.

அவ வீட்டுக்கு வந்து மாடியைக் கழுவினா, சுண்ணாம்பு அடிச்சா, மறுபடியும் ரூம் விட ஆரம்பிச்சிட்டா. என் துணிமணியை மட்டும் மூட்டையாக் கட்டி ஆட்டோவுல வெச்சிருந்தா. சண்டை போடல, திட்டல. காரணம்கூடச் சொல்லல. அதுதான் தம்பி எனக்குத் தாங்க முடியல. ஒரு மனுஷனைத் துரத்தறதுன்னா என்ன தப்புன்னு சொல்லணுமா இல்லையா? நான் யார் மேலயாவது கை வெச்சிருக்கேனா? அடிச்சது அவன், வெட்டினது அவ. ரத்தம் படாத கை என் கை ஒண்ணுதான். அந்தக் கையைத்தான் வேண்டாம்னுட்டா.

அப்போலேர்ந்து விழுப்புரத்துல தங்கச்சி வீட்டுல இருக்கேன். மனசு கேக்காம அப்பப்ப இப்படிப் பஸ் ஏறிடுவேன். போய் எதுத்த பக்கத்துல நின்னு பாத்துட்டு வந்திடுவேன்.

போன பொங்கலுக்குப் போனேன். வாத்தியாரு குடும்பம் வந்திருந்திச்சு. வருஷா வருஷம் வராங்க. அந்தக் குழந்தை வளந்திடுச்சு, அஞ்சலாட்சியை அத்தைன்னு கூப்பிடுது. படியில உக்காந்து அவளுக்குத் தலை பின்னிக்கிட்டிருந்திச்சு. நான் கொஞ்சம் தைரியமா வாசல் வரைக்கும் போயிட்டேன். வாத்தியாரு மேலேருந்து பார்த்தாரு. கும்பிட்டாரு. அந்தப் பொண்ணுக்கு என்னை அடையாளம் தெரியல.

“யாரு அத்தை அது?”ன்னு கேட்டிச்சு.

அஞ்சலாட்சி என்னை ஏற இறங்கப் பார்த்தா. கோவமே இல்ல தம்பி அவ மூஞ்சியில. புது ஆளைப் பாக்கற மாதிரிப் பார்த்தா.

“வழி தெரியாம வந்துட்டாரு”ன்னா.

எந்திரிச்சு வந்தா. என் பக்கத்துல வந்து நின்னு, கையை நீட்டித் தெருமுனையைக் காட்டினா. நேராப் போங்க, சிக்னல் வரும், அங்க டெம்போ நிக்கும், பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னா இறக்கி விடுவான், ஆட்டோவுல ஏறாதீங்க, அதிகமாக் கேப்பான்னு பொறுமையா, வெளியூர்க்காரனுக்குச் சொல்ற மாதிரிச் சொன்னா. எனக்குச் சொல்றா. அந்த ஊர்ல ஆட்டோ ஓட்டின எனக்கு. வாங்க போங்கன்னு சொல்றா. நான் என்ன பண்ணுவேன்? சரிம்மான்னு சொல்லிட்டு, அவ காட்டின பக்கமே நடந்தேன்.

வில்லியனூர் வந்தாச்சு. இனிமே கொஞ்ச தூரந்தான். நீங்க அவ வீட்டுலயே போய்த் தங்குங்க தம்பி. உங்க காசுக்கு அதைவிட நல்ல இடம் அந்த ஊர்ல கிடையாது. பயமில்லாமத் தூங்கலாம். நல்லாச் சோறு போடுவா. எந்த ஊருன்னுகூடக் கேக்கமாட்டா. கதவைத் தட்டினீங்கன்னா போதும், திறந்திடுவா.